இரண்டு மண்வெட்டிகளுக்கு நடுவே ஒரு மின்கம்பம்

அண்டை வெட்டுவது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வேலை உண்டு. நடவுக்கு முன்னால் வயலில் தண்ணீர் கட்டி, உழுது, சேறாக்கும்போது வரப்பின் இரண்டு பக்கத்துச் சரிவையும் மண்வெட்டியால் லேசாகச் சீவிவிடுவார்கள். புல் போகும், எலி வளை தெரியவரும். சீவிய இடத்தில் சேற்றை அள்ளிப் பூசினால் வரப்பு புதுச் சுவர்போலப் பளபளக்கும். இதில் திருட்டு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சீவுவதற்கும் பூசுவதற்கும் நடுவில் வருகிறது. ஒரு விரற்கடை கூடுதலாகச் சீவி, அரை விரற்கடை குறைவாகப் பூசினால் போதும், வயல் வருடா வருடம் வளர்ந்துகொண்டே இருக்கும். கையும் களவுமாக யாரும் பிடிக்கவும் முடியாது.

என் வீட்டுக்காரரும் அவருடைய பெரியப்பா மகனும் இந்த வேலையில் மகா சமர்த்தர்கள். என் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருட உத்தியோகத்தில் ஆபீஸ் பேனா ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. அந்தப் பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை, பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். காலை வணக்கத்தில் நேர்மையைப் பற்றி அவர் பேசினால் பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழும்வரை பேசுவாராம். இரண்டு பேரும் ஓய்வு பெற்றுத் திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் பேனாவும் போயிற்று, நேர்மையும் போயிற்று.

மற்ற வேலைகளுக்கெல்லாம் ஆள் வைப்பார்கள். அண்டை வெட்ட மட்டும் ஆள் வைக்க மாட்டார்கள். “ஆளுங்களுக்குப் பக்குவம் தெரியாது” என்பார் என் வீட்டுக்காரர். பக்குவமாம்! ஆள் வெட்டினால் வரப்பு மிஞ்சிவிடும் என்ற பயம்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். முழங்கால் வலிக்கு மாத்திரை போடும் மனுஷர், அண்டை வெட்டும் நாளில் மட்டும் குனிந்து நிமிர்ந்து வாலிபனைப்போல வேலை செய்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சிரிப்பு வராது?

நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், எங்கள் வயலுக்கும் மூத்தார் வயலுக்கும் நடுவில் இருக்கும் வரப்பில் நானும் ஓரகத்தியும், அதாவது மூத்தார் மனைவி, தோளோடு தோள் உரசிக்கொண்டு கதை பேசியபடி நடந்து போவோம். இவர்கள் மண்வெட்டி எடுத்த பிறகு ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். அப்புறம் சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கழைக்கூத்தாடி மாதிரி கையை விரித்துப் போக வேண்டியதாயிற்று. ஒருநாள் நான் வழுக்கி விழுந்து, குழம்பும் ரசமும் சேற்றோடு கலந்து போனது. “பாத்து நடக்கக் கூடாதா?” என்றார் வீட்டுக்காரர். “நடக்கறதுக்கு வரப்பு வேணுமில்ல?” என்றேன். அன்று அவருக்குப் பழைய சோறுதான் போட்டேன்.

இதற்கு நடுவில், வரப்பை நீதான் தின்றாய், நீதான் தின்றாய் என்று இரண்டு பேருக்கும் தகராறு முற்றிச் சர்வேயரைக் கூட்டி வந்தார்கள். அவர் சங்கிலியைப் போட்டு அளந்தார். பட்டாவைப் பார்த்தார். மறுபடி அளந்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எல்லைக் கோடு சரியாத்தாங்க இருக்கு. வரப்பைத்தான் காணோம்.”

அதாவது இரண்டு பேரும் கொஞ்சம்கூடப் பிசகாமல் ஒரே அளவு திருடியிருந்தார்கள். ஒரே தாத்தாவின் பேரன்கள் இல்லையா? இதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தன்னைவிட மற்றவன் கூடுதலாகத் திருடினான் என்று நிரூபிக்க முடியவில்லையே என்ற வருத்தத்தில், அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருவரும் தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள். ஒருவர் வணக்கத்துக்கு மற்றவர் பதில் போட மாட்டார். பத்திரிகை வைக்கவோ, மடையைத் திறக்கச் சொல்லவோ எதுவானாலும் நானும் ஓரகத்தியும் போனில் பேசித்தான் நடக்கும். எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. மடையைப் பற்றி அரை நிமிஷம் பேசிவிட்டு மீதி நேரமெல்லாம் எங்கள் சொந்தக் கதையைப் பேசுவோம்.

அந்த வரப்பின் நடுவில்தான் மின்கம்பம் நின்றது. எங்கள் மோட்டாருக்கும் மூத்தார் மோட்டாருக்கும் கரண்டு அதிலிருந்துதான் போகிறது. சிமெண்டுக் கம்பத்தைச் சீவ முடியாது என்பதால், அதைச் சுற்றி மட்டும் வரப்பு கொஞ்ச காலம் தொந்தியும் தொப்பையுமாக இருந்தது. இந்தத் தொந்தி இரண்டு பேர் கண்ணையும் உறுத்தியது. அதையும் மெல்ல மெல்லக் கரைத்தார்கள். கரைத்துக்கொண்டே வந்தபோது, கம்பத்தை ஒட்டினாற்போல மண்ணுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குழாய் தலைகாட்டியது. கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பி இறங்கி வந்து அதன் தலையில் முறுக்கப்பட்டிருந்தது.

குழாயை முதலில் பார்த்தவர் என் வீட்டுக்காரர். வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடி வந்தார்.

“பாத்தியா, பாத்தியா! எல்லைக்கு இரும்புக் குழாய் அடிச்சு வச்சிருக்காரு. சர்வேயர் போனப்பறம் அடிச்சிருக்காரு. அதுவும் நம்ம பக்கமாத் தள்ளி!”

“அதுல கம்பி கட்டியிருக்கே, அது என்ன?”

“அதான் தந்திரம். யாரும் பிடுங்கக் கூடாதுன்னு கம்பத்தோட சேத்துக் கட்டியிருக்காரு.”

அதே சாயங்காலம் ஓரகத்தி போன் செய்தாள். அவள் குரலில் சிரிப்பு தளும்பியது. “ஏண்டி, ஒங்க வீட்டுக்காரரு எல்லையில இரும்புக் குழாய் அடிச்சிட்டாராமே? இங்க ஒருத்தரு குதிகுதின்னு குதிக்கிறாரு.”

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர்களாவது மண்ணுக்குள்ளிருந்து எது முளைத்தாலும் அதை எல்லைக்கல் என்று நினைப்பார்களா? புதையல் கிடைத்திருந்தால்கூட இவர்கள் அதைப் பக்கத்து வயல்காரன் வைத்த அடையாளம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். குழாய் என்ன, கம்பி என்ன என்று எங்களுக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. வேடிக்கை நன்றாக இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் அந்தக் குழாய் பட்ட பாடு சொல்லி மாளாது. என் வீட்டுக்காரர் காலையில் போய் அதை மூத்தார் பக்கமாக ஆட்டிச் சாய்த்துவிட்டு வருவார். மூத்தார் சாயங்காலம் வந்து இந்தப் பக்கமாகச் சாய்ப்பார். குழாயைச் சுற்றி மண் விடுபட விடுபட, இருவரும் அதையும் சீவி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அது கிழவன் பல் மாதிரி ஆடிக்கொண்டு பாதி வெளியே நின்றது. இந்த ஆட்டத்தில் எப்போது என்று தெரியாது, யார் இழுத்து என்றும் தெரியாது, மேலிருந்து வந்த கம்பி குழாயின் தலையிலிருந்து கழன்றுவிட்டது. கழன்ற முனை சரிந்து எங்கள் வயலுக்குள் தொங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் சரியாக வந்தது. குறுவைக்கு எல்லாரும் ஒரே மூச்சில் இறங்கினார்கள். மிஷின் நடவு வந்துவிட்டாலும் எங்கள் இரண்டு வயலுக்கும் மிஷின் ஒத்துவராது. வரப்பைச் சீவிச் சீவி வயலின் ஓரத்தைக் கோணல்மாணலாக்கி வைத்திருந்ததால் மிஷின் திரும்பாது. ஆகவே கை நடவுதான். ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் நானும் ஓரகத்தியும் பேசி, இரண்டு வயலுக்கும் ஒரே நாளில் ஒரே கூட்டத்தைச் சொல்லியிருந்தோம். காலையில் எங்களுடையது, மத்தியானத்துக்கு மேல் அவர்களுடையது. நாற்றெல்லாம் விடிகாலையிலேயே பறித்து முடிச்சு முடிச்சாகக் கட்டி இரண்டு வயலிலும் வீசியாயிற்று. பறித்த நாற்று காத்திருக்காது. அன்றைக்கு நடவில்லை என்றால் வாடிப் போகும். மறுபடி ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகும், நாற்றங்காலில் நாற்றும் மிச்சமில்லை. குறுவை கையைவிட்டுப் போய்விடும்.

நடவுக்கு ஆள் கூட்டி வரும் அம்மாள் நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். அவள் முன்னால் இறங்க, மற்ற பெண்கள் பின்னால் வரிசையாக இறங்கினார்கள். கம்பத்தின் பக்கமாக நாலு எட்டு வைத்திருப்பாள். “ஐயோ!” என்று ஒரு துள்ளுத் துள்ளிக் கரையேறினாள்.

“யாரும் எறங்காதீங்கடி! எல்லாரும் மேல ஏறுங்க! தண்ணியில சுர்ருங்குது!”

பெண்கள் அலறிப் புடைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஏறினார்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். “நண்டு கடிச்சிருக்கும். இதுக்குப் போயி ஊரக் கூட்டுறியே.”

“நண்டு ஒரு வெரலத்தான்யா கடிக்கும். இது காலு ரெண்டும் இடுப்பு வரைக்கும் விறுவிறுன்னு ஏறுது.”

நான் கம்பத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தொங்கிய கம்பியின் முனை தண்ணீரில் கிடந்தது. அதன் பக்கத்தில் கெண்டைக் குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதுவரை அந்தக் குழாயை வைத்து நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்கள் இன்னும் நாலு எட்டு உள்ளே போயிருந்தால்? நடவு நடுகிறவர்கள் குனிந்துதானே இருப்பார்கள், கையும் காலும் தண்ணீரில்தானே இருக்கும்? உடனே லைன்மேனுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டே அவர் பயந்திருக்க வேண்டும். “யாரும் தண்ணிப் பக்கம் போகாதீங்கம்மா, நான் டிரான்ஸ்பார்மர்ல லைன ஆஃப் பண்ணிட்டு வர்றேன்” என்றார். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் ஓர் உதவியாளோடு பைக்கில் வந்து இறங்கினார். வாய் ஓயாமல் பேசுகிறவர். லைன் நின்றதால் சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் நின்று, அவர் போனும் ஓயாமல் அடித்தது. ஒவ்வொருவருக்கும் “இருங்கய்யா, இங்க ரெண்டு பெரிய மனுஷங்க கரண்டுல வெளையாடியிருக்காங்க” என்று பதில் சொன்னார்.

அதற்குள் மூத்தாரும் ஓரகத்தியும் அந்தப் பக்க வயலுக்கு வந்துவிட்டார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“மேல கம்பியத் தாங்குற பீங்கான் ஒண்ணு வெடிச்சிருக்கு. அதனால இரும்புச் சட்டத்துல கரண்டு கசியுது. அது ஒண்ணும் பெருசில்ல, பீங்கான மாத்திடுவேன். கசியிறது கீழ மண்ணுக்குள்ள ஆழமாப் போயிடணும்னுதான் இந்தக் கம்பிய எர்த்துக் குழாயில கட்டி வைக்கிறது. எர்த்துக் குழாய இப்பிடித் தோண்டி வெளிய எடுத்தது யாரு?”

“எது எர்த்துக் குழாய்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“இதாங்க சார். இந்த இரும்புக் குழாய்.”

என் வீட்டுக்காரர் குழாயைப் பார்த்தார். மூத்தார் குழாயைப் பார்த்தார். பிறகு இருவரும் திருதிருவென்று ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்கு வரப்புக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

“கம்பம் நட்ட அன்னிக்கே பொதைச்சதுங்க இது” என்றார் லைன்மேன். “கரியும் உப்பும் போட்டு ஆள் ஒசரத்துக்குக் குழி வெட்டி எறக்கினது. இப்ப பாதி வெளிய நிக்கிது. இதச் சுத்திக் குழி வெட்டுனேன்னா இந்த வரப்பு மொத்தமும் குழிக்குள்ள போயிடும், கம்பமும் சாஞ்சிடும். மொதல்ல கம்பத்தச் சுத்தி நல்லா மண்ணு போட்டுக் கெட்டிப் பண்ணிக் குடுங்க. அப்பறம் நான் குழாய எறக்கித் தர்றேன்.”

“எவ்வளவு அகலத்துக்கு?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்டுவிட்டு இருவருமே முகத்தைச் சுளித்தார்கள்.

“ஒரு கட்டில் போடற அளவுக்கு.”

கட்டில்! இத்தனை வருடம் விரற்கடை விரற்கடையாகச் சேர்த்ததை ஒரே வாயில் கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு வலிக்காது? என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: “எடுத்தவங்க போடட்டும்.” மூத்தார் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்: “எடுத்தவங்க யாருன்னு அவங்க மனசுக்கே தெரியும்.” மண்ணை யார் முதலில் போடுகிறாரோ அவர்தான் திருடன் என்று ஆகிவிடும் அல்லவா? ஆகவே இரண்டு கனவான்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடவு அம்மாள் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு எட்டின மட்டும் நாற்று முடிச்சுகளின்மேல் தெளித்தாள். தெளித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பு கலக்காத கோபம். வீட்டுக்காரர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, எங்கள் வயலிலேயே ஒரு கொத்துக் கொத்தி, சேற்றை அள்ளிக் கம்பத்தடியில் வீசினேன். பாதி என் புடவையில்தான் விழுந்தது.

“ஏய், ஏய்! அது நம்ம மண்ணுடி!” என்று பதறினார்.

“நம்ம மண்ணு இல்ல. வரப்போட மண்ணு. ஒங்களுக்கே தெரியும்.”

நடவுப் பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஓரகத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைமையாசிரியர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். அவள் என்னைவிடக் கைகாரி. ஒரே வெட்டில் ஒரு கூடை மண் வந்தது. இரண்டு ஆண்களும் அதற்குமேல் தாங்கவில்லை, ஓடி வந்து மண்வெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெட்கத்தினால் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. அளவு தெரியாமல் நாங்கள் அதிகமாக வெட்டிவிடுவோம் என்ற பயம்தான் காரணம்.

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வெட்டு மண் போடுவார், நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்ப்பார். மூத்தார் ஒரு வெட்டுப் போடுவார், நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்ப்பார். மற்றவர் போடாமல் இவர் அடுத்ததைப் போடமாட்டார். மூத்தார் போட்ட மண்ணில் பாதிக்குமேல் தண்ணீர்தான் என்று என் வீட்டுக்காரர் என் காதில் ஓதினார். “போய்ச் சொல்லுங்க” என்றேன். போகவில்லை. லைன்மேன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, ஓரகத்தி கொடுத்த மோரைக் குடித்தபடி, “இந்தப் பக்கம் ஒரு வெட்டு பாக்கி சார்” என்று நடுவர் வேலை பார்த்தார். மண் உயர்ந்தது. மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். லைன்மேனும் கூட வந்த ஆளும் குழி எடுத்து, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழாயை இறக்கினார்கள். உப்பு கொஞ்சம் போதவில்லை என்றதும், நார்த்தங்காய் ஊறுகாய்க்கு என்று வாங்கி வைத்திருந்த கல் உப்பை வீட்டிலிருந்து எடுத்து வந்து கொட்டினேன். பீங்கான் மாறியது. கம்பியைக் குழாயில் இறுக்கி முடுக்கி, குழியில் தண்ணீர் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினார்கள். லைன் வந்தது. லைன்மேன் மேட்டில் நின்றபடி வயல் தண்ணீரில் கரண்டு பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார். “சுத்தம். பயமில்லாம நடலாம்” என்றார்.

யாரும் இறங்கவில்லை.

பெண்கள் வாய்க்கால் கரையில் அப்படியே நின்றார்கள். வயலில் வெளிப்பட்டுக் கிடந்த நாற்றின் நுனி சுருள ஆரம்பித்திருந்தது. “இன்னும் என்ன? நேரமாவுதுல்ல?” என்றார் என் வீட்டுக்காரர்.

நடவு அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“ஐயா, நான் கூட்டிட்டு வந்த புள்ளைங்க. ரெண்டு பேருக்கு வீட்டுல கைக்கொழந்த இருக்கு. கருவிக்குப் பயம் கெடையாது, அது சுத்தம்னு சொல்லும். நீங்களும் பெரியய்யாவும் மொதல்ல எறங்குங்க. கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தரு. எறங்கி நில்லுங்க, நாங்க வர்றோம்.”

“அதான் லைன்மேனே சொல்லிட்டாரே!”

“அவரு மேட்டுல நின்னுல்ல சொன்னாரு.”

லைன்மேன் இறங்கத் தயாராகச் செருப்பைக் கழற்றினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “நீங்க இருங்க தம்பி. வயலு ஒங்களோடதில்ல.”

மூத்தார் அந்தப் பக்க வரப்போரத்தில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் நின்றார். நடுவில் புது மண்மேடும் கம்பமும். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்து மறுபடி கட்டினார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் தண்ணீருக்குமேல் அப்படியே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. உதடு வெளுத்திருந்தது. அந்தப் பக்கம் மூத்தாரும் ஒற்றைக் காலில் கம்பத்தைப் பார்த்தபடி நின்றார். வேண்டாம், ஏறி வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். கரையில் நின்ற பெண்களைப் பார்த்ததும் அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

நடவு அம்மாள் என் வீட்டுக்காரர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கும் அப்பிடித்தான்யா இருக்கு” என்றாள்.

என் வீட்டுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலைத் தண்ணீரில் வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். அந்தப் பக்கம் தண்ணீர் சளப்பென்றது, மூத்தாரும் இறங்கிவிட்டார். இருவரும் முழங்கால் சேற்றில் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

“அண்ணே,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் அவருடைய குரலாகவே இல்லை. “சுர்ருங்குதா?”

“இல்லடா தம்பி. ஒனக்கு?”

“இல்ல.”

“நல்லாப் பாருடா. கைய வச்சுப் பாரு.”

என் வீட்டுக்காரர் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். நடவு அம்மாள் அதையும் பார்த்துவிட்டுத்தான் வயலில் காலை வைத்தாள்.